குதிரை அடைப்பில் மூத்திர நாற்றம்: பொடியைக் கொட்டாதீர்கள், தண்ணீரைத் திருப்புங்கள்

கேள்வி: கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தோட்ட வீட்டில் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. ஒன்று அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவாரி பெண் குதிரை, இன்னொன்று மட்டக்குதிரை. பகலும் இரவும் ஐந்து சென்ட் திறந்தவெளி அடைப்பில்தான் நிற்கும். ஓரத்தில் தகரக் கொட்டகை உண்டு. கோடை மழை பெய்ததிலிருந்து மூத்திர நாற்றம் தாங்க முடியவில்லை. கிழக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். சுண்ணாம்பு போட்டோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம், கண் எரிந்ததுதான் மிச்சம். இரவில் தண்ணீர் வைக்காமல் விட்டால் மூத்திரம் குறையும் என்கிறார் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். தீவனம்: கொள்ளு தினம் இரண்டு கிலோ, கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ (இவை பெண் குதிரைக்கு), குதிரை மசால், இரண்டு மாதமாகப் பச்சைச் சோளத்தட்டு. பெண் குதிரையின் வாலும் தொடையும் அடிக்கடி நனைந்தே இருக்கின்றன. மண் கரிசல் கலந்தது. என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: நாற்றத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வால் நனைந்திருக்கிறது என்ற வரிதான். அதற்கு முந்தைய வரியில் பச்சைச் சோளத்தட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் கவலை வரும்.

பச்சைச் சோளத்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தின்னும் குதிரைகளில் சிலவற்றுக்கு முதுகுத்தண்டு நரம்பு பாதிக்கப்படும். இளம்பயிரிலும், தண்ணீர் காய்ந்து வாடிய பயிரிலும் சயனைடு தரும் பொருள் அதிகம். அது கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் உடலுக்குள் போவதுதான் காரணம் என்று கருதுகிறோம். சிறுநீர்ப்பை தளர்ந்து மூத்திரம் தானாகச் சொட்டும், பிறகு அதில் கிருமி தொற்றும், பின்னங்கால்கள் தடுமாறும். தடுமாற்றம் முற்றிவிட்டால் முழுதாகக் குணமாவது கடினம். மாட்டுக்கு இந்தத் தொல்லை வருவது மிக அரிது என்பதால் நம் ஊரில் பலருக்கு இது தெரிவதில்லை. ஆகவே பச்சைத்தட்டை இன்றோடு நிறுத்துங்கள். நன்றாகக் காய்ந்த தட்டில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு.

வால் நனைவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பருவத்துக்கு வந்த பெண் குதிரை வாலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சும். ஆனால் அது ஐந்தாறு நாளில் அடங்கி, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும். உங்களுடையது "அடிக்கடி" என்பதால் அப்படி நினைத்துச் சும்மா இருக்க வேண்டாம். குதிரையைப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள், சின்ன வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். பின்னங்கால் பின்னுகிறதா, குளம்பு தரையில் இழுபடுகிறதா என்று கவனித்து, இந்த வாரத்துக்குள் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். மூத்திரத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். தொடையில் நனைந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும்.

இன்றே நிறுத்த வேண்டியவை இன்னும் இரண்டு. பிளீச்சிங் பவுடர் குளோரின் கலந்த பொருள். மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவோடு அது சேர்ந்தால் குளோராமின் என்ற நச்சு வாயு வரும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். குதிரை அதே தரையில் தலையைத் தாழ்த்தித் தின்கிறது, அங்கேயே படுக்கிறது. வீட்டில் வேண்டுமானால் காலி அறையைக் கழுவப் பயன்படுத்துங்கள். மூத்திரம் ஊறிய மண்ணில் அது ஒருபோதும் கூடாது.

அப்புறம் தண்ணீர். பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் குதிரைக்குத் தண்ணீரைக் குறைத்தால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையின் வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும். இந்தப் பெண் குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கு மேலும் குடிக்கும். இரவிலும் தொட்டி நிறைந்திருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் நாற்றமும் குறையாது. மூத்திரம் கெட்டியாகி இன்னும் காட்டமாகத்தான் வரும்.

சரி, நாற்றம். குதிரை அப்போதுதான் பெய்த மூத்திரத்தில் பெரிய வாடை இருக்காது, நின்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதில் இருப்பது யூரியா. லத்தியிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிரிகள் யூரியேஸ் என்ற நொதியால் அந்த யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகின்றன. மூக்கில் ஏறுகிற வாடை அதுதான். இந்த வேலை நடக்க ஈரம் வேண்டும். வெப்பம் இருந்தால் வேகமாக நடக்கும். தரை காரத்தன்மையாக இருந்தால் அமோனியா மண்ணில் தங்காமல் வாயுவாக மேலே போகும். குதிரை மூத்திரமே இயல்பில் காரமானது. கோடை மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் ஏன் உங்கள் அடைப்பு அப்படி நாறுகிறது என்பதற்கு இதுதான் விடை: மழை ஈரம் கொடுத்தது, வெயில் சூடு கொடுத்தது, நீங்கள் போட்ட சுண்ணாம்பு காரத்தைக் கூட்டியது.

ஆமாம், சுண்ணாம்பு நாற்றத்தைக் கூட்டும். நம் ஊரில் சாக்கடை ஓரம், திருவிழாத் தெரு, கட்டுத்தரை என்று எங்கும் வெள்ளையாகத் தூவுவதைப் பார்த்துப் பழகியதால் அது சுத்தம் செய்யும் என்று நம்புகிறோம். நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். அது பட்டதும் மண்ணில் ஒட்டியிருந்த அமோனியமும் வாயுவாகிக் கிளம்பிவிடும். உங்களுக்குக் கண் எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஈரத்தோடு சேர்ந்தால் குளம்பையும் தோலையும் அரிக்கும். பினாயில் வாடையை மறைக்குமே தவிர எதையும் தீர்க்காது.

அடைப்பைச் சரிசெய்யுமுன் தீவனத் தொட்டியைப் பாருங்கள். அதிக வேலை இல்லாத குதிரைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.25 கிராம் புரதம் போதும். உங்கள் பெண் குதிரை 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 440 கிராம். கொள்ளில் புரதம் சுமார் 22 சதவீதம். அதாவது இரண்டு கிலோ கொள்ளிலேயே அந்த 440 கிராமும் வந்துவிட்டது. அதற்கு மேல் அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கில் 200 கிராம் வரும். அதற்கும் மேல் குதிரை மசால், அதுவும் புரதம் நிறைந்த பயறு வகைத் தீவனம். உடல் இந்த மிச்சப் புரதத்தைச் சேமித்து வைக்காது. யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளும், அதைத் தள்ள இன்னும் தண்ணீர் கேட்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் புண்ணாக்கில் ஒரு பங்குதான் பக்கத்து வீட்டுக்கு வாடையாகப் போகிறது.

குதிரை சினையாக இல்லை, பால் கொடுக்கவில்லை, தினமும் கடும் ஓட்டம் இல்லை என்றால் புண்ணாக்கை முழுதாக நிறுத்தலாம், கொள்ளை ஒரு கிலோவுக்குக் கீழே கொண்டுவரலாம், மசாலை ஒரு கைப்பிடிக் கட்டாகக் குறைக்கலாம். அந்த இடத்தில் காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். பச்சைத்தட்டைத் தவிர மற்றவற்றை ஒரே நாளில் மாற்றாமல் பத்து, பதினைந்து நாளில் மெல்ல மாற்றுங்கள். மட்டக்குதிரைக்குக் கொள்ளு அனேகமாகத் தேவையே இருக்காது. மட்டக்குதிரைகள் எளிதில் கொழுத்துக் குளம்பு அழற்சி நோயில் விழும் இனம்.

இனி தரை. என் அனுபவத்தில் திறந்தவெளி அடைப்பில் நாற்றம் என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் தண்ணீர்ப் புகார்தான். உங்கள் கொட்டகைத் தகரக் கூரை 20 அடிக்கு 15 அடி என்று கொள்வோம். 10 மில்லிமீட்டர் மழைக்கே அதிலிருந்து 280 லிட்டர் தண்ணீர் வழியும். உங்கள் இரண்டு குதிரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 முதல் 12 லிட்டர் மூத்திரம் பெய்யும். அதாவது ஒரே மழையில், அவை மூன்று வாரத்துக்கு மேல் பெய்யும் அளவு தண்ணீர் கூரையிலிருந்து மட்டும் அடைப்புக்குள் விழுகிறது. கரிசல் மண் அதை உள்ளே விடாது. குளம்பு மிதித்துக் குழைத்த கரிசல் இன்னும் விடாது. மூத்திரமும் லத்தியும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அப்படியே நின்று ஊறுகின்றன.

ஆகவே முதல் செலவு கூரைக்கு ஒரு தகரக் கால்வாயும் பிவிசி குழாயும். அந்தத் தண்ணீரை அடைப்புக்கு வெளியே தென்னைக்கோ தொட்டிக்கோ கொண்டுபோங்கள். அடுத்து, மேட்டுப் பக்கத்திலிருந்து அடைப்புக்குள் ஓடிவரும் மழைநீரைத் தடுக்க வேலிக்கு வெளியே ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். உள்ளே தரை 100 அடிக்கு 2 அடி சரிவு இருந்தால் போதும், அதற்கு மேல் சரிந்தால் மண் அரித்துப் போகும். சரிவின் கீழ்ப்பக்கம் வெட்டிவேரோ கினியா புல்லோ இரண்டு மூன்று வரிசை நட்டுவிட்டால் வழிந்துவருவதை அது உறிஞ்சிக்கொள்ளும். கிணறு, போர்வெல் இருக்கும் திசையில் மட்டும் சரிவு விடாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் நைட்ரஜன் நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்கும்.

ஐந்து சென்ட் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. குதிரைக்கு ஒரு பழக்கம் உண்டு. தெறிக்காத மெத்தென்ற இடம் இருந்தால் அங்கே போய்த்தான் மூத்திரம் பெய்யப் பார்க்கும், கெட்டித் தரையில் பெய்யத் தயங்கும். இரண்டு நாள் கவனித்தால் உங்கள் குதிரைகள் பெய்யும் இடம் எது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தையும் கொட்டகை வாசலையும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய தரையையும் மட்டும் எடுங்கள். மூத்திரம் ஊறிக் கறுத்த மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டி அள்ளிவிட வேண்டும். எத்தனை பொடி தூவினாலும் அந்த மண் அங்கே இருக்கும்வரை ஒவ்வொரு மழைக்கும் நாறும்.

வெட்டிய பள்ளத்தில் நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். கரிசல் மேலே ஏறி ஜல்லியோடு கலக்காமல் அது தடுக்கும், தண்ணீரை விடும். தார்பாலின் போட்டால் மூத்திரம் அடியில் குளமாகத் தேங்கும், போடாதீர்கள். துணி மேல் அரை அடி உயரத்துக்கு முக்கால் இஞ்சு ஜல்லி கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் மூன்று அங்குலம் எம்-சாண்ட். 20 அடிக்கு 15 அடி இடத்துக்கு ஜல்லி ஒன்றரை யூனிட், எம்-சாண்ட் முக்கால் யூனிட் பிடிக்கும். இந்த ஜல்லிப் படுகைக்கு அடியிலும் சரிவு இருந்து வெளியே வழி இருக்க வேண்டும். கரிசலில் வெறும் பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பினால் அது தொட்டியாகிவிடும். மணல் போட்ட இடத்தில் தீவனத்தைத் தரையில் வைக்கவே கூடாது. தீவனத்தோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்து வயிற்றுவலி வரும். உயரமான தொட்டியில் வையுங்கள்.

இப்போது உங்கள் ஊரின் வரப்பிரசாதத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம் தென்னை நார்க் கழிவு மலைபோல் கிடக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, நைட்ரஜன் மிகக் குறைவு. மூத்திர அமோனியாவை உள்ளே பிடித்துவைக்க இந்த மூன்றும்தான் வேண்டும். குதிரை பெய்யும் இடத்தில் மணல் மேல் நான்கு அங்குலம் பரப்புங்கள். அந்த மெத்தைக்காகவே குதிரைகள் அங்கே வந்து பெய்யத் தொடங்கும், மற்ற இடம் காய்ந்திருக்கும். மழையில் கழுவப்பட்டு உப்புக் குறைந்த, வெயிலில் காய்ந்த பழைய கழிவாக வாங்குங்கள். தூசி பறந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். உமி வேண்டாம். ஈரம் பிடிக்காது, தூசி மூச்சுக்கு ஆகாது, சில குதிரைகள் தின்றும் விடும்.

எந்தப் படுக்கையும் தினமும் அள்ளாவிட்டால் பயனில்லை. லத்தியைக் காலையும் மாலையும் எடுங்கள், யூரியேஸ் அதிகம் வருவது அதிலிருந்துதான். நனைந்து கறுத்த நார்க் கழிவை மட்டும் சட்டியில் அள்ளி, அந்த அளவுக்குப் புதிதாகப் போடுங்கள். இரண்டு குதிரைக்கு அரை மணி நேர வேலை. வெளியே நடமாடும்போது வாடை இல்லை என்று நினைத்துக்கொள்ளாமல், வாரம் ஒரு முறை அந்த இடத்தில் குந்தி, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். அங்கே காட்டம் தெரிந்தால் அள்ளியது போதவில்லை.

ஜியோலைட் என்ற கனிமப் பொடி அமோனியத்தைப் பிடித்துவைக்கும். நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளுக்கு விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ஈரத்தை அள்ளிய பிறகு அந்த இடத்தில் லேசாகத் தூவலாம், தூவும்போது குதிரை அங்கே இருக்கக் கூடாது. இ.எம். கரைசல் (நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கரைசல்) தெளிப்பவர்கள் தெளிக்கட்டும், எருக்குவியலில் மக்குவதற்கு உதவும். அடைப்பில் தண்ணீர் நிற்கும்வரை இரண்டும் வீண் செலவு. ஜிப்சத்தைத் தண்ணீர் தேங்கும் சேற்றில் போட்டால் அழுகிய முட்டை வாடை கிளம்பும், அது இன்னும் மோசம்.

தரை காய்ந்தால் கிடைக்கும் லாபம் நாற்றத்தோடு நிற்காது. மூத்திரச் சேற்றில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில் உள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி அழுகும். கறுப்பாகக் கசிந்து கெட்ட வாடை அடிக்கும், தினமும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்பவருக்குத்தான் இது முதலில் தெரியும். மூத்திரமும் வைக்கோலும் சேர்ந்து அழுகும் இடத்தில் கடிக்கும் ஈ பெருகும். இரத்தத்தில் ஒட்டுண்ணி புகுந்து வரும் சர்ரா காய்ச்சலை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இந்த ஈயும் பெரிய மாட்டு ஈயும்தான். சேற்றில் குளம்புக் காயம் பட்டால் ரணஜன்னி (டெட்டனஸ்) பயமும் உண்டு. தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை, மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நார்க் கழிவு போட்ட பிறகு பலர் பயந்து கேட்பது இது. குதிரை மூத்திரம் கலங்கலாக, கொழகொழப்பாக இருப்பது இயல்பு, அதில் சுண்ணாம்புச் சத்துத் துகள் அதிகம். தரையில் விழுந்து கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக மாறுவதும் இயல்பு, காற்றுப் பட்டு நிறம் மாறுகிறது. ஆனால் வெளியே வரும்போதே காப்பி நிறத்திலோ இரத்தச் சிவப்பிலோ வந்தால், அதுவும் ஓடிவந்த பிறகு தசை விறைத்து நடக்க மறுத்தால், அது அவசரம். உடனே மருத்துவரை அழையுங்கள்.

அள்ளியதை எங்கே போடுவது? கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் அடைப்பைத் தாண்டி நேராக அவர் வீட்டுக்குத்தான் போகும். குவியலை அவர் சுவர் ஓரம் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உங்கள் நிலத்திலேயே அவர் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி விட்டு, மேடான இடத்தில் போடுங்கள். லத்தி ஒரு அடுக்கு, நனைந்த நார்க் கழிவு ஒரு அடுக்கு, மேலே எப்போதும் காய்ந்த நார்க் கழிவு மூடியிருக்கட்டும். அடுக்குகளுக்கு இடையே கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் தூவினால் அமோனியா குவியலிலேயே தங்கி உரத்தின் மதிப்பும் கூடும். குதிரைக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும். குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஈப் புழுவும் குடற்புழு முட்டையும் சாகும். மழைக்கு ஒரு தார்பாலின் போட்டு மூடுங்கள். நான்கைந்து மாதத்தில் மக்கியதைத் தென்னைக்குப் போடலாம், கேட்டு வாங்கிப் போகவும் ஆள் வரும்.

தோண்டும் வேலையைத் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் முடித்துவிடுங்கள், சேற்றில் ஜல்லி இறுகாது. ஊறிய மண்ணைக் கிளறும் இரண்டு நாளும் வாடை இப்போதைவிடக் கடுமையாக இருக்கும். காற்று குறைந்த விடியற்காலையில் வெட்டி, அள்ளியதை அன்றன்றே நார்க் கழிவால் மூடுங்கள். குதிரைகளை அந்த இரண்டு நாளும் தோப்பில் கட்டுங்கள். பக்கத்து வீட்டில் முன்னாலேயே போய், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று நேரில் சொல்லிவிடுங்கள்.